வீட்டில் ஒலிக்கலவை: மிக்ஸர் வாங்குவதா, கணினியிலேயே கலப்பதா?

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பாவனைக்கு மிக்ஸர் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று தேவைகளில் ஒன்று இருக்கும். பாட்டையோ வாத்தியத்தையோ பதிவு செய்ய வேண்டும்; கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இணையத்தில் சங்கீதம் படிப்பிக்க வேண்டும்; அல்லது நவராத்திரி, பிறந்தநாள் போன்ற நாட்களில் முற்றத்தில் கூடும் முப்பது நாற்பது பேருக்குக் கேட்கச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

மிக்ஸரில் கலப்பதற்கும் மென்பொருளில் கலப்பதற்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

நேரம்தான் வித்தியாசம். சாதாரண மிக்ஸரில் பாடும் அந்தக் கணத்திலேயே கலவை முடிந்துவிடும். மிருதங்கம் கூடிப்போனால் கூடினதுதான். பிறகு அதை மட்டும் பிரித்துக் குறைக்க வழியில்லை. மென்பொருளில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனி ட்ராக்காகப் பதிவாகும். அடுத்த நாள் ஆறுதலாக இருந்து, ஹெட்போனில் கேட்டுக் கேட்டுச் சரிசெய்யலாம்.

ஆகவே பெட்டியைப் பார்க்கமுதல் உங்களைக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: கலந்த சத்தம் இப்போதே யாருக்காவது போய்ச் சேரவேண்டுமா? ஆம் என்றால் மிக்ஸர். இல்லை என்றால் ஓடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டி) மென்பொருளும். வீட்டில் பதிவு செய்பவர்களில் அனேகருக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அப்படியிருந்தும் கனபேர் மிக்ஸரையே வாங்குகிறார்கள், ஏனென்றால் கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் கண்ணில் பட்டது அதுதான்.

யூஎஸ்பி உள்ள 10 சானல் மிக்ஸர் வாங்கினேன். கணினியில் இரண்டு ட்ராக் மட்டும் வருகிறது. பழுதா?

பழுதில்லை. மலிவான யூஎஸ்பி மிக்ஸர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். யமஹா எம்ஜி10எக்ஸ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 10 இருக்கிறது, ஆனால் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போவது இடது, வலது என்று கலந்து முடிந்த 2 சானல்கள் மட்டுமே. பெட்டியில் எழுதியிருக்கும் சானல் எண்ணிக்கை மைக்கும் வயரும் செருகும் இடங்களைக் குறிக்கும், கணினிக்குப் போகும் ட்ராக்குகளை அல்ல.

வாங்கமுதல் விவரப்பட்டியலில் யூஎஸ்பி என்ற வரியைத் தேடிப் பாருங்கள். "2 உள்ளே / 2 வெளியே" என்றிருந்தால் கலவை மட்டுமே வரும். தனித்தனியாக வரவேண்டுமென்றால் ஸூம் லைவ்ட்ராக் எல்-12, டாஸ்காம் மாடல் 12, பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்றவற்றைப் பார்க்கவேண்டும். எக்ஸ்ஆர்18 யூஎஸ்பியில் 18 சானல்களையும் பிரித்துத் தரும். எல்-12, மாடல் 12 இரண்டிலும் கணினியே இல்லாமல் எஸ்டி கார்ட்டில் பல ட்ராக்காகப் பதியலாம்.

இரண்டு ட்ராக் மட்டும் தரும் மிக்ஸர் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. பாட்டை முழுக்க இடப்பக்கமும் வாத்தியத்தை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டுப் பதியுங்கள். மென்பொருளில் அந்த ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்தால் இரண்டும் தனித்தனியாகக் கையில் இருக்கும்.

மிக்ஸரின் சத்தம் "கனதி", கணினியின் சத்தம் "தட்டை" என்கிறார்களே?

விலை உயர்ந்த ஸ்டூடியோ மேசைகளைப் பற்றிய பேச்சு அது. வீட்டு விலையில் கிடைக்கும் மிக்ஸருக்கும் அதே விலை இன்டர்ஃபேஸுக்கும் மைக் ப்ரீஅம்ப்பில் (மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் பகுதி) காதுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. மைக்கை எங்கே வைத்தீர்கள், அறை எப்படி எதிரொலிக்கிறது என்பவை அதைவிடப் பல மடங்கு தெரியும்.

நான் தனியாகப் பாடிப் பதிவது மட்டும்தான். சுருதிப்பெட்டி உண்டு. என்ன போதும்?

இரண்டு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ் போதும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி இரண்டும் இந்த வகை. முதலாவது உள்ளீட்டில் மைக், இரண்டாவதில் மின்சுருதிப்பெட்டியின் வெளியீடு. சுருதியை மைக் வழியாக எடுக்காமல் வயரால் நேராக எடுப்பது முக்கியம். அப்போதுதான் பாட்டை வெட்டி ஒட்டும்போது சுருதி அறுபடாது.

கண்டென்சர் மைக் என்றால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தமுன் கெய்னையும் (மைக் சத்தத்தைப் பெருக்கும் குமிழ்) ஹெட்போன் அளவையும் முழுக்கக் குறையுங்கள், இல்லாவிட்டால் "டப்" என்ற சத்தம் காதைத் தாக்கும். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை. ஆனால் மெல்லப் பாடுபவருக்கு அதில் 50 முதல் 60 டெசிபல் வரை கெய்ன் வேண்டிவரும். மலிவு இன்டர்ஃபேஸ்களில் கெய்னை அந்த எல்லை வரை திருப்பினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். மென்குரல்காரருக்குக் கண்டென்சர் நல்லது என்று சொல்வது இதனால்தான்.

பாட்டு, வயலின், மிருதங்கம், மூன்றையும் ஒன்றாக வீட்டில் பதிய எத்தனை உள்ளீடு வேண்டும்?

குறைந்தது நான்கு: பாட்டுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு 2. சுருதியையும் வயரால் எடுத்தால் 5. பிறகு கடமோ கஞ்சிராவோ சேர வாய்ப்பிருந்தால் நேரே 8 உள்ளீட்டுக்குப் போவதே காசுக்கு நல்லது, ஏனென்றால் நான்கு உள்ளீட்டுப் பெட்டியை இன்னொன்றோடு சேர்த்துப் பெருப்பிக்க அனேகமாக முடியாது.

மிருதங்கத்துக்கு ஒரே மைக் வைப்பவர்கள் வலந்தலையையோ (வலப்பக்கத் தோல்) தொப்பியையோ (இடப்பக்கத் தோல்) இழப்பார்கள். வலந்தலைப் பக்கம் ஒரு சாண் தள்ளி ஒரு மைக், தொப்பிப் பக்கம் அதே தூரத்தில் இன்னொன்று. கை வந்து போகும் பாதையில் வைக்கவேண்டாம். பிறகு தொப்பி ட்ராக்கில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஒருமுறை விட்டுக் கேளுங்கள். இரண்டு ட்ராக்கும் சேர்ந்து ஒலிக்கையில் எந்த நிலையில் அடிநாதம் கூடுதலாக இருக்கிறதோ அதுவே சரி. இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு மைக்கின் அலைகளும் ஒன்றையொன்று தின்று தொப்பி வெறும் தட்டலாகக் கேட்கும். வாசிக்கத் தெரியாதவர் என்றும் மைக் சரியில்லை என்றும் பழி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மிக்ஸர் பாவிப்பவர்கள் கவனிக்க இன்னொன்று: சானலில் 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழான சத்தத்தை வெட்டும் லோ-கட் பொத்தான் இருக்கும். பாட்டுக்கும் வயலினுக்கும் அதை அழுத்துங்கள், மின்விசிறிக் காற்றும் நிலத்ததிர்வும் குறையும். தொப்பிச் சானலில் அழுத்தவே கூடாது; நீங்கள் தேடுகிற "தோம்" அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

மூவரும் ஒரே அறையில் இருந்தால் ஒருவரின் சத்தம் மற்றவர் மைக்குக்குள் போகும். முழுக்கத் தடுக்க முடியாது. மைக்குக்கும் அதன் ஆளுக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரமாவது அடுத்த மைக் தள்ளி இருக்கட்டும். பாட்டு மைக் 20 சென்றிமீற்றரில் என்றால் வயலின் மைக் அதிலிருந்து 60 சென்றிமீற்றருக்குக் குறையக்கூடாது. இந்தக் கசிவு இருப்பதால், பிழைவிட்ட ஒருவரின் ட்ராக்கை மட்டும் பிறகு மாற்றிவிடலாம் என்று நம்பவேண்டாம். பழைய வயலின் பாட்டு மைக்கில் மெல்லிதாகக் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

நாதஸ்வரமும் தவிலும்?

இரண்டுமே பெருஞ்சத்தம். அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாய்) நேரே மைக்கை நீட்டவேண்டாம்; ஒரு மீற்றர் தள்ளி, சற்று மேலிருந்து சரிவாக வையுங்கள். கண்டென்சர் என்றால் மைக்கிலேயே சத்தத்தைக் குறைத்து எடுக்கும் பாட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கின் உள்ளே வெட்டுண்ட சத்தத்தை மிக்ஸரில் கெய்ன் குறைத்துக் காப்பாற்ற முடியாது. சின்னச் சீமெந்து அறையில் இந்தச் சோடியைப் பதிவதை விட, விறாந்தையிலோ முற்றத்திலோ பதிவது எப்போதும் நல்ல பலன் தரும்.

இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கிக் கணினியில் செருகினால் மிக்ஸரே தேவையில்லையே?

செய்யாதீர்கள். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் தனிக் கடிகாரம் இருக்கிறது. இரண்டும் துல்லியமாக ஒத்தோடாது. பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லி செக்கன் விலகிவிடும். தொடக்கத்தில் சேர்ந்திருந்த தாளம் முடிவில் கலைந்திருக்கும். தவிர, விண்டோஸில் பதிவு மென்பொருட்கள் பாவிக்கும் ஏஸியோ ட்ரைவர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியையே ஏற்கும்.

ஹெட்போனில் என் குரல் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது. தாளம் பிடிக்கவே முடியவில்லை.

மென்பொருள் வழியில் எல்லோரையும் முதலில் மடக்குவது இதுதான். குரல் மைக்கிலிருந்து கணினிக்குள் போய், பஃபர் என்ற தற்காலிகக் கிடங்கில் நிறைந்து, திரும்பி ஹெட்போனுக்கு வருகிறது. 48 கிலோ ஹேர்ட்ஸில் 128 மாதிரி (சாம்பிள்) கொண்ட பஃபர் நிறைய 2.7 மில்லி செக்கன் எடுக்கும். 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கு மட்டும். உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை, அதோடு இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேரும். 512இல் மொத்தம் 25 மில்லி செக்கன் அளவில் வந்து நிற்கும். ஒலி காற்றில் 1 மில்லி செக்கனுக்கு ஏறக்குறைய 35 சென்றிமீற்றர் போகும் என்பதால், 25 மில்லி செக்கன் என்பது உங்கள் குரலே எட்டு ஒன்பது மீற்றர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். 10 மில்லி செக்கனுக்குக் கீழே வந்தால் பெரும்பாலானோருக்கு இடைஞ்சலில்லை.

சரிசெய்யும் ஒழுங்கு இது. முதலில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் சொந்த ஏஸியோ ட்ரைவரைப் போடுங்கள். விண்டோஸின் பொது ட்ரைவரில் பாடவே முடியாது. பிறகு பஃபரை 128க்கு இறக்குங்கள். "டிக் டிக்" என்று வெட்டுச் சத்தம் வந்தால் 256க்கு ஏற்றுங்கள். வைஃபையை நிறுத்துங்கள், விண்டோஸின் மின்திட்டத்தை (பவர் பிளான்) அதிவேகத்துக்கு மாற்றுங்கள். பதிவு முடிந்து கலக்கும் நேரத்தில் 1024க்குப் போகலாம், அப்போது தாமதம் யாரையும் பாதிக்காது.

இதையெல்லாம் விட இலகுவான வழி, இன்டர்ஃபேஸில் இருக்கும் டைரக்ட் மொனிட்டர் பொத்தான். அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் போய்வராமல் நேரே ஹெட்போனுக்கு வரும், தாமதமே தெரியாது. அழுத்திய பிறகு மென்பொருளில் அந்த ட்ராக்கின் மொனிட்டரை நிறுத்த மறக்கவேண்டாம். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாக, குழாய்க்குள் பாடுவது போலக் கேட்கும்.

டைரக்ட் மொனிட்டரில் ரிவேர்ப் (மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலி) வராது, வறட்சியாக இருக்கும் என்பது பாடகர்களின் நியாயமான முறைப்பாடு. அதற்கும் வழி இருக்கிறது. மென்பொருளில் ரிவேர்ப்புக்கெனத் தனி ட்ராக் வைத்து, ஈரச் சத்தத்தை, அதாவது ரிவேர்ப்பை மட்டும் ஹெட்போனுக்கு விடுங்கள். மூலக் குரலை மென்பொருளிலிருந்து விடாதீர்கள். ரிவேர்ப் 20 மில்லி செக்கன் பிந்தி வந்தாலும் காது அதை ஒரு மண்டபத்தின் இயல்பாகவே எடுத்துக்கொள்ளும்.

அனலொக் மிக்ஸரில் இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதன் மிகப் பெரிய பலம் இதுதான்.

போனிலிருந்து கரோக்கி ட்ராக்கை மிக்ஸருக்குக் கொடுத்தால் தபேலாவும் புல்லாங்குழலும் மெலிந்துவிடுகின்றன. மூலப்பாட்டைப் போட்டால் பாடகர் குரலே காணாமல் போகிறது.

வயர்தான் காரணம். போனின் ஜாக்கில் இடது ஒரு முனையிலும் வலது இன்னொரு முனையிலும் வருகிறது. இரு பக்கமும் இரண்டு கறுப்பு வளையமுள்ள ஜாக் வயரை மிக்ஸரின் ஒற்றைச் சானலில் செருகினால், மிக்ஸர் அதை பலன்ஸ்ட் மோனோ (ஒரே சத்தத்தை இரண்டு முனையிலும் எதிரெதிராக அனுப்பும் வகை) என்று எடுத்துக்கொண்டு இடதிலிருந்து வலதைக் கழிக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் நடுச்சத்தம், அதாவது குரலும் முன்னணி வாத்தியமும், கழிந்து இல்லாமல் போகும். ஓரங்களில் இருந்ததும் ரிவேர்ப்பும் மட்டும் மிஞ்சும்.

வாங்கவேண்டியது ஒரு பக்கம் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஜாக்கும், மறுபக்கம் ஒற்றைக் கறுப்பு வளையமுள்ள இரண்டு பெரிய ஜாக்கும் கொண்ட "ஒய்" வயர். இரண்டையும் மிக்ஸரின் ஸ்டீரியோ சானலில் இடது, வலது என்று செருகுங்கள். கீபோட்டை ஒற்றை வயரால் கொடுப்பதென்றால் இடது/மோனோ என்று எழுதிய ஓட்டையில்தான் செருகவேண்டும்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் போகவே மாட்டேன் என்கிறது.

எந்தச் சத்தம் என்று முதலில் பிரித்தறியுங்கள். தடித்த "ம்ம்" என்றால் 50 அல்லது 100 ஹேர்ட்ஸ், மின்சாரத்திலிருந்து வருவது. கீச்சென்ற மெல்லிய சத்தம், அதுவும் மவுஸை அசைக்கும்போது மாறுகிறது என்றால், மடிக்கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக வருவது. "டர்ர்" என்ற சத்தம் மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அதுவே காரணம். பதியும்போது அதை அணையுங்கள்.

சோதிக்கும் முறை: மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால், சார்ஜரும் மிக்ஸரும் இரண்டு வழியாக நிலத்தோடு இணைந்து ஒரு சுற்று உருவாகியிருக்கிறது. மிக்ஸர், சார்ஜர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே சொக்கெட்டிலிருந்து வரும் ஒரே பலகையில் செருகுங்கள். மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை இரண்டு கறுப்பு வளையமுள்ள பலன்ஸ்ட் வயராக மாற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அந்த ஒலி வயரின் நடுவே ட்ரான்ஸ்போமர் வகை ஐசொலேற்றர் ஒன்று போட்டால் நிற்கும். யூஎஸ்பியால் மட்டும் ஓடும் சின்ன இன்டர்ஃபேஸில் இந்தச் சுற்று உருவாகும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அதற்குத் தனி மின்வயர் கிடையாது.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஒரு பழுது வந்தால் மிக்ஸரின் தகரமும், வயர் வழியாக மைக்கின் இரும்பு வலையும் 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். மைக்கைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் பழைய வீடுகளில் முதலில் மின்னியலாளரைக் கூப்பிட்டு, சொக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். பதிவு அதற்குப் பிறகு.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் பாவித்த மிக்ஸர் அனுப்புகிறார். நம்பி வாங்கலாமா?

அனுப்பமுன் பின்பக்கத்து லேபிளையும் அடாப்டரின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிரச்சினையில்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், எங்கள் 230 வோல்ட்டில் நேரே செருகியதும் எரியும். கடையில் விற்கும் பிளக் மாற்றிகள் துளையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. 230இலிருந்து 110க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 30 வாட் மிக்ஸருக்கு 100 விஏ எடுத்தால் சூடாகாமல் ஓடும்.

லண்டனிலிருந்து வருவது இங்கேயுள்ள சதுரப்பின் சொக்கெட்டில் அப்படியே செருகுபடும். பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து வருவதற்கு வோல்ட் ஒன்றுதான், பிளக்தான் வேறு.

வோல்ட்டோடு இன்னொன்றையும் கேளுங்கள்: கணினியோடு எதனால் இணைகிறது? ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு மட்டும் உள்ள கருவிகள் இன்றைய மடிக்கணினியில் செருக இடமில்லாதவை. ட்ரைவரும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்கும்.

பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

மடிக்கணினியும் யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் இன்டர்ஃபேஸும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். மென்பொருள் வழியை நாங்கள் விரும்பிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுவர் மின்சாரத்தில் ஓடும் மிக்ஸர் அந்த இடத்திலேயே நின்றுவிடும்; எஸ்டி கார்ட்டில் பதிந்துகொண்டிருந்தால் கடைசிக் கோப்பு திறக்காமலும் போகலாம். மிக்ஸருக்கு யூபிஎஸ் வைப்பதென்றால் சுத்தமான சைன் அலை தருவதை எடுங்கள். மலிவு யூபிஎஸ்களின் படிக்கட்டு அலை, ட்ரான்ஸ்போமர் உள்ள மிக்ஸர்களில் இரைச்சலாகக் கேட்கும்.

கரண்ட் போனவுடன் ஸ்பீக்கர் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். திரும்பி வரும்போது மிக்ஸர் எழும்பும் அதிர்வு ஸ்பீக்கரைத் தாக்கும். எப்போதும் போடும்போது ஸ்பீக்கர் கடைசி, நிறுத்தும்போது ஸ்பீக்கர் முதல்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஸூமில் சங்கீதம் படிப்பிக்கிறேன். எது நல்லது?

இங்கே கலந்த சத்தம் உடனே போகவேண்டும், ஆகவே சின்ன மிக்ஸர் வசதி. குரல், சுருதி, கணினியில் ஓடும் பாட்டு மூன்றையும் கையால் கூட்டிக் குறைக்கலாம். யமஹா ஏஜி03, ஏஜி06 போன்றவை இதற்கென்றே செய்யப்பட்டவை. யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும், லூப்பேக் சுவிட்சும் உண்டு. லூப்பேக்கில் வைத்தால் கணினியில் ஓடும் பாட்டும் உங்கள் குரலோடு கலந்து அந்தப் பக்கம் போகும். ஆனால் வகுப்பில் லூப்பேக்கைப் போட்டபடி விட்டால் பிள்ளையின் குரலும் திரும்பிப் பிள்ளைக்கே போய் எதிரொலிக்கும். பாட்டுப் போட்டுக் காட்டும்போது மட்டும் போடுங்கள், முடிந்ததும் மாற்றுங்கள்.

எந்தக் கருவி வாங்கினாலும், ஸூம் செயலி சுருதியை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். மாறாமல் ஒரே நிலையில் நிற்கும் சத்தத்தை நீக்குவதுதான் அதன் வேலை. சுருதியின் இயல்பே மாறாமல் நிற்பது. அமைப்பில் ஓடியோ பகுதிக்குப் போய், இசைக்கலைஞர்களுக்கான "ஒரிஜினல் சவுண்ட்" தெரிவை இயக்கி, வகுப்புத் தொடங்கியதும் திரையின் மேலே அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதிரொலி நீக்கத்தையும் நிறுத்தினால் ஹெட்போன் கட்டாயம்.

சேர்ந்து பாடுவது மட்டும் எந்தக் கருவியாலும் முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடியிழையில் ஒளியே ஒரு வழிக்கு 65 மில்லி செக்கன் எடுக்கும், உண்மையில் அதைவிடக் கூட. நீங்கள் பாட, பிள்ளை கேட்டுத் திருப்பிப் பாடும் முறையிலேயே வகுப்பை வையுங்கள்.

பதியும்போது அளவு எவ்வளவு இருக்கவேண்டும்?

24 பிட்டில் பதியுங்கள். உச்சம் −12 டெசிபல் சுற்றில் நின்றால் போதும். சிவப்பைத் தொடும் வரை ஏற்றுவது 16 பிட் காலத்துப் பழக்கம். பாடகரை மேல்ஸ்தாயியில், உரத்துப் பாடச் சொல்லி அந்த இடத்தில் கெய்னை வையுங்கள். "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லி வைத்த கெய்ன் பல்லவி முடியமுன் வெட்டும். கெய்னில் வெட்டுண்ட அலையை ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் பிடி) குறைத்து மீட்கமுடியாது, மிக்ஸரிலும் சரி மென்பொருளிலும் சரி.

கணினி எப்படி இருக்கவேண்டும்? எவ்வளவு இடம் பிடிக்கும்?

8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள எந்த மடிக்கணினியும் எட்டு ட்ராக்கைத் தாங்கும். 24 பிட், 48 கிலோ ஹேர்ட்ஸில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி, எட்டு ட்ராக் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 4.1 ஜிபி.

எந்த மென்பொருள்?

ரீப்பர். 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம், வீட்டுப் பாவனைக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர், பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். மக் வைத்திருப்பவர்கள் கராஜ்பாண்டில் தொடங்கலாம். ஓடாசிட்டி இலவசம், வெட்டி ஒட்ட நல்லது, பல ட்ராக் கலவைக்குக் கை வராது. திருட்டு மென்பொருள் போடவேண்டாம். அதோடு வரும் வைரஸ் ஒருநாள் பதிவுகளையே கொண்டுபோகும்.

மவுஸால் கலக்க எனக்குப் பிடிக்கவில்லை. கையால் ஃபேடரைத் தள்ளவேண்டும்.

அதற்காக மிக்ஸர் வாங்கத் தேவையில்லை. கோர்க் நானோகொன்ட்ரோல்2 போன்ற கொன்ட்ரோலரில் 8 ஃபேடர் உண்டு. சத்தம் அதற்குள்ளால் போகாது, மென்பொருளின் ஃபேடரை அது அசைக்கும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் மிக்ஸர் இரண்டு வேலையும் செய்யுமே?

செய்யும். நிகழ்ச்சிக்கும் கலக்கும், தனித்தனி ட்ராக்கும் தரும், அமைப்பைச் சேமித்து வைத்து அடுத்தமுறை அப்படியே கொண்டுவரும். வீட்டிலும் பாடி, மாதத்தில் ஓரிரு நிகழ்ச்சியும் செய்யும் குழுவுக்கு இதுவே சரியான முதலீடு. தனியாகப் பாடுபவருக்கு வீண்செலவு. எக்ஸ்ஆர்18 வகையில் பெட்டியில் ஃபேடரே கிடையாது, டாப்லெட்டில்தான் இயக்கவேண்டும். உள்ளேயிருக்கும் வைஃபை சனக்கூட்டத்தில் அறுபடும், ஆகவே தனி ரவுட்டர் ஒன்றைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

ஃபேடரைத் தள்ளும்போது "கரகர" என்கிறது. வாங்கி ஒரு வருசம்தான் ஆகிறது.

குருநகர், காரைநகர், பருத்தித்துறை போலக் கடலை அண்டிய இடங்களில் உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்து ஃபேடரின் தடத்தை அரிக்கும். பாவிக்காமல் வைத்திருந்தால் இன்னும் கெதியாக. கிழமைக்கு ஒருமுறை எல்லா ஃபேடரையும் குமிழையும் முழுத்தூரம் சில தடவை ஓட்டுங்கள், பருத்தித் துணியால் மூடுங்கள், பெட்டிக்குள் வைப்பதென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கரகரப்பு வந்துவிட்டால் ஃபேடருக்கென்று விற்கும் கொன்டாக்ட் கிளீனரைத்தான் அடிக்கவேண்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் தூசியை இழுத்து இன்னும் கெடுக்கும். நகரும் பாகமே இல்லாத மென்பொருளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஜாக் முனைகளை மட்டும் அவ்வப்போது துடைத்தால் போதும்.

எதை வாங்கினாலும் அறை எதிரொலிக்கிறதே?

சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் அப்படித்தான். பாடுபவரின் முதுகுப்பக்கம் ஒரு தும்பு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், நிலத்தில் தடித்த பாய் அல்லது கம்பளம் விரியுங்கள், மைக்கை ஒரு சாணுக்குள் கொண்டுவாருங்கள். மைக் முன்பக்கம் மட்டும் கேட்கும் வகை என்பதால், மெத்தை மைக்கின் முதுகில் அல்ல, பாடுபவரின் முதுகில் இருக்கவேண்டும். இதற்குச் செலவாகும் காசு, மிக்ஸர் மாற்றுவதை விடப் பலன் தரும். திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிக்கு மருந்தில்லை, விடியமுன் பதியுங்கள்.

பழைய 16 சானல் அனலொக் மிக்ஸர் வீட்டில் சும்மா கிடக்கிறது. விற்றுவிடவா?

பொறுங்கள். மைக் சானல்களின் பின்னால் இன்சேர்ட் என்று எழுதிய ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொன்றிலுமிருந்து தனிச் சத்தத்தை எடுத்து, 8 லைன் உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸுக்குக் கொடுக்கலாம். மிக்ஸர் கூடத்திலுள்ளவர்களுக்காக உடனே கலக்கும், கணினி தனித்தனியாகப் பதியும்.

ஒற்றைக் கறுப்பு வளையமுள்ள ஜாக்கை முதலாவது "கிளிக்" வரை மட்டும் செருகினால் சத்தம் வெளியே வரும், மிக்ஸரிலும் தொடர்ந்து ஓடும். முழுக்கச் செருகினால் மிக்ஸரில் அந்தச் சானல் ஊமையாகும். பாதி செருகிய ஜாக் ஆடி ஆடிக் கழரும் என்பதால், நிரந்தரமாக வைக்க இரண்டு வளைய ஜாக் ஒன்றில் நுனியையும் நடுவளையத்தையும் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்து, அந்தச் சேர்ந்த புள்ளியிலிருந்து சமிக்ஞை வயரை எடுங்கள். அதை முழுக்கச் செருகலாம், ஆடாது. இன்சேர்ட் பெரும்பாலான மிக்ஸர்களில் ஈக்யூவுக்கும் (தடித்த, மெல்லிய சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) ஃபேடருக்கும் முன்னால் இருப்பதால், நிகழ்ச்சியில் ஃபேடரை எவ்வளவு ஆட்டினாலும் பதிவின் அளவு மாறாது. கெய்னைத் தொட்டால் மட்டும் இரண்டும் மாறும்.